ரிலே இழுக்கல, லைட் மட்டும் எரியுது: 22 கே பேஸ் ரெசிஸ்டரும் ஒரு பிசி 547-ம்

பக்கத்து வீட்டு அக்கா வீட்டுல இருக்க வாட்டர் டேங்க் ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் தான் இந்தப் பதிவோட சமாச்சாரம். சம்ப்புல தண்ணி இருந்து மாடி டேங்க் காலியா இருந்தா மோட்டார் தானா ஓடணும், நிறைஞ்சா நிக்கணும், அவ்வளவு தான் வேலை. மார்கழி ஆரம்பிச்சதுல இருந்து விடிகாலைல மோட்டார் ஓட மாட்டேங்குது, பெட்டில "மோட்டார் ஆன்" எல்இடி மட்டும் பளிச்சுன்னு எரியுது, ஆனா ரிலே (காயில்ல கரண்ட் போனா காந்தமாகி காண்டாக்ட இழுத்து சேர்க்கிற ஸ்விட்ச்) "டக்"னு அடிக்கிற சத்தம் வரல. பெட்டிய கையால ஒரு தட்டு தட்டினா ஓடிடும். மதியத்துக்கு மேல பார்த்தா ஒரு பிரச்சனையும் இல்லாம தானா வேலை செய்யுது. ரிப்பேர் பண்றவர் ஒருத்தர் வந்து பார்த்துட்டு "ரிலே வீக்"னு ரிலேய மாத்திட்டுப் போயிருக்காரு, ரெண்டு நாள் வெயில் அடிச்சப்போ சரியான மாதிரி இருந்து, மறுபடி குளிர்ல அதே கதை.

இந்த அறிகுறி எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தாலே எனக்கு ட்ரான்சிஸ்டர் பக்கம் தான் சந்தேகம் போச்சு. எல்இடி எரியுதுன்னா மைக்ரோகன்ட்ரோலர் முடிவெடுத்துட்டு, சிக்னலும் குடுத்துட்டு. தட்டினா ஓடுதுன்னா ரிலே காயிலுக்கு கரண்ட் போகுது, ஆனா ஆர்மேச்சர (காயில் இழுக்கிற இரும்புத் தகடு) இழுக்க ஒரு நூல் அளவு பத்தல. ரிலே ஒரு தடவை இழுத்துட்டா அப்புறம் பிடிச்சு வைக்க ரொம்ப கம்மி கரண்ட் போதும், அதனால தான் தட்டினதும் ஒட்டிக்கிட்டு டேங்க் நிறையிற வரைக்கும் ஓடுது. குளிர்ல மட்டும் வர்ற ஃபால்ட், சூடானா சரியாகுற ஃபால்ட்னா லூஸ் சால்டரும் ஒரு காரணமா இருக்கலாம், அதனால முதல்ல எல்லா ஜாயின்ட்டையும் ஃப்ளக்ஸ் போட்டு திரும்ப சூடு காட்டினேன், ஒரு மாற்றமும் இல்ல.

ஒரு விஷயம் சொல்லிடறேன், இந்த போர்டுல ரிலே காண்டாக்ட் பக்கம் 230 வோல்ட் ஓடுது, மோட்டார் ஸ்டார்ட்டருக்கும் போகுது. அதனால எம்சிபிய இறக்கி, மோட்டார் பக்க வயர் ரெண்டையும் கழட்டி டேப் சுத்தி வச்சுட்டு, போர்ட மட்டும் வீட்டுக்கு எடுத்துட்டு வந்து டேபிள்ல 12 வோல்ட் சப்ளை குடுத்து தான் எல்லா அளவும் எடுத்தேன். மெயின்ஸ் இருக்கும்போது போர்டுல ப்ரோப் வைக்கிற வேலைய யாரும் பண்ணாதீங்க, ட்ராக் எல்லாம் ரொம்ப பக்கம் பக்கமா இருக்கு.

சர்க்யூட் ரொம்ப சிம்பிள். நம்பர் சுரண்டின ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர், 5 வோல்ட்ல ஓடுது. அதோட ஒரு பின்ல இருந்து 22 கே (22 ஆயிரம் ஓம்ஸ்) ரெசிஸ்டர், அங்கிருந்து பிசி 547 ட்ரான்சிஸ்டரோட பேஸ். பேஸுக்குப் போற சின்ன கரண்ட் தான் கலெக்டர்ல இருந்து எமிட்டருக்கு ஓடற பெரிய கரண்ட திறந்து விடும். எமிட்டர் கிரவுண்டுல, கலெக்டர்ல ரிலே காயில், காயிலோட மறுமுனை 12 வோல்ட்ல. காயிலுக்குக் குறுக்க ஒரு 1என்4007 டயோடு தலைகீழா. ரிலே நம்ம கடைகள்ல கிடைக்கிற நீலக்கலர் சுகர் கியூப் டைப், 12 வோல்ட், காயில் ரெசிஸ்டன்ஸ் 400 ஓம்ஸ். அப்போ 12 வோல்ட் முழுசா கிடைச்சா 30 மில்லி ஆம்ப் ஓடணும். இந்த ரிலேயோட டேட்டாஷீட்ல இழுக்குற வோல்டேஜ் அதிகபட்சம் 75 சதவீதம்னு போட்டிருக்கும், அதாவது 9 வோல்ட் கிடைச்சா கண்டிப்பா இழுக்கும்னு அர்த்தம், அதுக்குக் கீழ இழுத்தா அது அந்த ரிலேயோட நல்ல மனசு.

காலைல ரூம் குளிரா இருக்கும்போதே அளந்தேன். பின்ல 4.9 வோல்ட், அதுல குறை இல்ல. பேஸ்ல 0.7 வோல்ட் கிட்ட. கலெக்டர்ல வச்சேன், 3.4 வோல்ட். இங்க தான் விஷயம் இருக்கு, ஆன்ல இருக்க ஒரு ஸ்விட்ச் ட்ரான்சிஸ்டர்ல கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவுல 0.1, மிஞ்சிப் போனா 0.2 வோல்ட் தான் இருக்கணும். 3.4 வோல்ட் இருக்குன்னா ட்ரான்சிஸ்டர் பாதி தான் திறந்திருக்கு. 12-ல 3.4 போனா காயிலுக்கு மிஞ்சினது 8.6 வோல்ட், இழுக்க வேண்டிய 9-க்கு கொஞ்சூண்டு கம்மி. 8.6 வோல்ட்ட 400-ஆல வகுத்தா 21.5 மில்லி ஆம்ப்.

பேஸ் கரண்ட அளக்க மீட்டர சீரிஸ்ல போட வேண்டியதில்ல, அந்த 22 கே ரெசிஸ்டரோட ரெண்டு பக்கமும் ப்ரோப் வச்சு வோல்டேஜ் பார்த்து வகுத்தா போதும். 4.2 வோல்ட், வகுத்தா 0.19 மில்லி ஆம்ப். 21.5-ஐ 0.19-ஆல வகுத்தா 113. அதாவது இந்த ட்ரான்சிஸ்டர் தன்னோட முழு கெயினையும் (பேஸ் கரண்ட மாதிரி எத்தனை மடங்கு கலெக்டர்ல ஓட விடும்ங்கிற கணக்கு) போட்டு, தன்னால முடிஞ்ச அளவு இழுத்துக்கிட்டு நிக்குது, அதுக்கு மேல அதுகிட்ட சரக்கு இல்ல. ரிலேக்கு 30 மில்லி ஆம்ப் முழுசா ஓடணும்னா கெயின் 158 வேணும்.

குளிர் சமாச்சாரத்தையும் அப்பவே உறுதி பண்ணிக்கிட்டேன். சூடான சால்டரிங் அயன் நுனிய ட்ரான்சிஸ்டர் மேல படாம, பக்கத்துல மட்டும் பிடிச்சேன். கலெக்டர் வோல்டேஜ் மெதுவா 3.3, 3.2, 3.1-னு இறங்கி, 3 கிட்ட வந்ததும் ரிலே "டக்". அயன எடுத்துட்டு, சப்ளைய ஆஃப் பண்ணி ஆற விட்டு மறுபடி போட்டா திரும்பவும் இழுக்கல. சிலிக்கான் ட்ரான்சிஸ்டரோட கெயின் சூட்டுல ஏறும், குளிர்ல இறங்கும், பேஸ் எமிட்டர் வோல்டேஜும் ஒரு டிகிரிக்கு சுமார் 2 மில்லிவோல்ட் குறையும், மதியம் வேலை செஞ்சு காலைல படுத்துக்கிறதுக்கு வேற காரணம் தேட வேண்டியதே இல்ல.

சரி, கன்ட்ரோலர் வாங்கி பல வருஷம் நல்லா தானே ஓடுச்சு, இப்ப ஏன்? அக்காகிட்ட கேட்டப்போ தான் தெரிஞ்சது, போன மழைல இடி விழுந்து போர்டு போயி, அப்போ ஒரு கடைல குடுத்து ட்ரான்சிஸ்டர் மாத்தியிருக்காங்க. பழைய ட்ரான்சிஸ்டர் என்ன எழுத்துன்னு இனி பார்க்க வழியில்ல, ஆனா 22 கே வச்சு பல வருஷம் ஓடியிருக்குன்னா கெயின் நல்லா ஜாஸ்தியா இருக்க ஒண்ணா தான் இருந்திருக்கணும். இப்ப போட்டிருக்கறது ஏ. பிசி 547-க்கு பின்னாடி வர்ற ஏ, பி, சி எழுத்து தான் கெயின் குரூப். ஏ-ன்னா 110-ல இருந்து 220, பி-ன்னா 200-ல இருந்து 450, சி-ன்னா 420-ல இருந்து 800. எழுத்தே இல்லாத வெறும் பிசி 547-ன்னா 110-ல இருந்து 800 வரைக்கும் எது வேணா இருக்கலாம், கடைக்காரர் டப்பால கைய விட்டு எடுத்துக் குடுக்கறது எந்த ரகம்னு அவருக்கே தெரியாது. சி ரகம் இருந்தா 0.19 மில்லி ஆம்ப் பேஸ் கரண்டே 30 மில்லி ஆம்ப்புக்கு தாராளம். ஏ ரகம் வந்ததும் விளிம்புல நிக்குது. கழட்டி என்னோட சின்ன மஞ்சள் மீட்டரோட ஹெச்எஃப்இ (கெயினுக்கு டேட்டாஷீட் பேரு) சாக்கெட்ல போட்டுப் பார்த்தேன், 128 காட்டுச்சு.

அந்த சாக்கெட் காட்டுற நம்பர நம்பி ஸ்விட்ச் டிசைன் பண்றது தான் நான் ரொம்ப இடத்துல பார்க்கிற கோளாறு. அந்த மீட்டர் வெறும் 10 மைக்ரோ ஆம்ப் பேஸ் கரண்ட்ல, கலெக்டருக்கு 3 வோல்ட் கிட்ட குடுத்து அளக்குது. டேட்டாஷீட்ல இருக்க ஹெச்எஃப்இ-யும் கலெக்டர்ல 5 வோல்ட் இருக்கும்போது, 2 மில்லி ஆம்ப் ஓடும்போது எடுத்தது. கரண்ட் கூடக் கூட கெயின் குறையும், பி ரகத்துல 2 மில்லி ஆம்ப்ல சராசரியா 290 இருக்கறது 100 மில்லி ஆம்ப்ல 180-க்கு வந்துடும், அதுவும் கலெக்டர்ல 5 வோல்ட் இருக்கும்போது. நமக்கு வேண்டியது கலெக்டர்ல 0.1 வோல்ட். கலெக்டர் வோல்டேஜ் அந்த அளவு கீழ வரணும்னா ட்ரான்சிஸ்டர் சாச்சுரேஷனுக்குப் (முழுசா திறந்த நிலைக்கு) போகணும், அங்க ஹெச்எஃப்இ-ங்கிற நம்பருக்கே அர்த்தம் இல்ல. ஆம்ப்ளிஃபையர் போடறவங்களுக்கு அது வேணும், ஸ்விட்ச் போடற நமக்கு அதே டேட்டாஷீட்ல சாச்சுரேஷன் வோல்டேஜ்னு இருக்க வரிய தான் படிக்கணும்.

பிசி 547-க்கு அந்த வரி என்ன சொல்லுதுன்னா, கலெக்டர் 10 மில்லி ஆம்ப், பேஸ் 0.5 மில்லி ஆம்ப் இருக்கும்போது அதிகபட்சம் 0.25 வோல்ட். கலெக்டர் 100 மில்லி ஆம்ப், பேஸ் 5 மில்லி ஆம்ப் இருக்கும்போது அதிகபட்சம் 0.6 வோல்ட். ரெண்டுலயும் கலெக்டர் கரண்ட பேஸ் கரண்டால வகுத்துப் பாருங்க, 20. கம்பெனிக்காரனே 20-க்கு ஒண்ணுன்னு பேஸ் கரண்ட் குடுத்தா தான் இது ஸ்விட்ச்சா வேலை செய்யும்னு கியாரண்டி குடுக்கறான், ஏ, பி, சி எதுவா இருந்தாலும். 2என்2222ஏ எடுத்தா 150-க்கு 15, 500-க்கு 50, அங்க 10. அதனால 10-ல இருந்து 20-க்குள்ள ஒரு விகிதத்த நாமளே வலுக்கட்டாயமா வச்சுக்கணும், ட்ரான்சிஸ்டரோட சொந்த கெயின் என்னவா இருந்தாலும் நமக்குக் கவலை இல்லாம போயிடும்.

இப்ப கணக்கு. ரிலேக்கு 30 மில்லி ஆம்ப். 20-ஆல வகுத்தா பேஸுக்கு 1.5 மில்லி ஆம்ப், 10-ஆல வகுத்தா 3 மில்லி ஆம்ப். பின்ல 5 வோல்ட், அதுல பேஸ் எமிட்டர் ஜங்ஷன் 0.7 வோல்ட் எடுத்துக்கும், மிச்சம் 4.3 வோல்ட் ரெசிஸ்டர் மேல விழணும். 4.3-ஐ 1.5 மில்லி ஆம்ப்பால வகுத்தா 2867 ஓம்ஸ், 3 மில்லி ஆம்ப்பால வகுத்தா 1433 ஓம்ஸ். இந்த ரெண்டுக்கும் நடுவுல கடைல கிடைக்கிற எந்த வேல்யூவும் ஓகே, 1.5 கே, 1.8 கே, 2.2 கே, 2.7 கே. நான் 2.2 கே எடுத்தேன், சிவப்பு சிவப்பு சிவப்பு, எல்லார் டப்பாலயும் இருக்கும். அதுல ஓடறது 1.95 மில்லி ஆம்ப், விகிதம் 15 கிட்ட வருது. மைக்ரோகன்ட்ரோலர் பின்னுக்கு 2 மில்லி ஆம்ப் ஒரு சுமையே இல்ல. ரெசிஸ்டர்ல செலவாகுற பவர் 8 மில்லிவாட், கால் வாட் ரெசிஸ்டர் தாராளம்.

கூடவே பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவுல ஒரு 10 கே சேர்த்தேன், போர்டோட அடிப்பக்கத்துல நேரா ட்ரான்சிஸ்டர் கால்லயே வச்சு சால்டர் பண்ணிட்டேன். கரண்ட் வந்து மைக்ரோகன்ட்ரோலர் முழிச்சுக்கிற வரைக்கும் அதோட பின் எல்லாம் இன்புட்டா, எங்கயும் ஒட்டாம மிதந்துக்கிட்டு இருக்கும், அந்த நேரத்துல பேஸும் மிதந்தா பக்கத்துல போற 230 வோல்ட் வயரோட இரைச்சலே அத தொட்டுடும். 10 கே போட்டா பேஸ் கிரவுண்டோட கட்டுப்பட்டு இருக்கும். ஆனா இத பழைய 22 கே-வோட சேர்த்துப் போட்டிருந்தா நிலைமை இன்னும் மோசமாயிருக்கும், ஏன்னா அந்த 10 கே 0.07 மில்லி ஆம்ப்ப தனக்குன்னு எடுத்துக்கும், இருந்த 0.19-ல மிச்சம் 0.12 தான். 2.2 கே-ல வர்ற 1.95-ல 0.07 போறது கணக்குலயே வராது. இந்த மாதிரி புல்டவுன் (பேஸ கிரவுண்டோட கட்டி வைக்கிற ரெசிஸ்டர்) போடறவங்க பேஸ் ரெசிஸ்டர எவ்வளவு பெருசா வச்சிருக்காங்கன்னு பார்த்துட்டுப் போடறது நல்லது.

ரெசிஸ்டர மாத்தினதுக்கு அப்புறமும் அதே ஏ ரக ட்ரான்சிஸ்டர், அதே 128 கெயின் ஆளு தான், வேற போடல. கலெக்டர்ல வச்சா 0.07 வோல்ட். காயில்ல 11.9 வோல்ட். ரிலே அடிக்கிற சத்தமே மாறிப் போச்சு, முன்னாடி சோம்பலா ஒட்டினது இப்ப "டக்"னு அழுத்தமா விழுது. இது காதுக்கு மட்டும் இல்ல, காயில்ல வோல்டேஜ் கம்மியா இருந்தா காண்டாக்ட் அழுத்தமும் கம்மி, ஸ்டார்ட்டர் காயில் மாதிரி லோடு போகும்போது காண்டாக்ட்ல தீப்பொறி அடிச்சு சீக்கிரம் குழி விழும். கழட்டிப் போட்ட பழைய ரிலேய உடைச்சுப் பார்த்தப்போ காண்டாக்ட் கருகி இருந்துச்சு. அந்த ரிலே மேல எந்தக் குத்தமும் இல்ல, பாவம், அதுக்கு சாப்பாடு சரியா போகல.

கைல இருந்த மத்த ட்ரான்சிஸ்டரையும் அதே இடத்துல மாத்தி மாத்திப் போட்டேன். பிசி 547 பி, சி, பிசி 337, எல்லாத்துலயும் 0.1 வோல்ட்டுக்குக் கீழ தான். அதே போர்டுல பழைய 22 கே-வ திரும்ப வச்சு சி ரகம் போட்டா 0.15 வோல்ட், ரிலே நல்லா இழுக்குது, அதனால தான் இந்த டிசைன் ஃபேக்டரிய விட்டு வெளிய வரும்போது யார் கண்ணுலயும் படல. டெஸ்ட் பண்ணின பீஸ் எல்லாம் சி-யா இருந்தா எல்லாமே பாஸ் ஆகும். ரிப்பேருக்கு வந்து ட்ரான்சிஸ்டர் மாத்தும்போது தான் வெளிய வரும், பழி மாத்தினவர் மேல விழும். ட்ரான்சிஸ்டர் மாத்தறவங்க கால் வரிசையையும் பாருங்க, பிசி 547-ல தட்டை முகம் நம்மள பார்த்தா இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர், 2என்3904-ல அது அப்படியே தலைகீழ்.

இதே ரிலே வேலைய இப்ப நிறைய பேரு நோடுஎம்சியு (ஈஎஸ்பி 8266 சிப் இருக்க வைஃபை போர்டு) வச்சு பண்றாங்க, அங்க பின்ல 3.3 வோல்ட் தான். 5 வோல்ட் ரிலேன்னா காயில் 70 ஓம்ஸ், 71 மில்லி ஆம்ப் இழுக்கும், 12 வோல்ட் ரிலேய விட ரெண்டு மடங்குக்கு மேல. 20-ஆல வகுத்தா 3.55 மில்லி ஆம்ப், இந்தக் கரண்ட்ல பேஸ் எமிட்டர் வோல்டேஜ 0.8-ன்னு வச்சுக்கலாம், மிச்சம் 2.5 வோல்ட், வகுத்தா 704 ஓம்ஸ், 680 போடலாம். ஈஎஸ்பி 8266 பின் 12 மில்லி ஆம்ப் வரைக்கும் தான் தாங்கும், 3.7 குடுக்கறதுல பயம் இல்ல. ஆனா 5 வோல்ட் சர்க்யூட்ல பார்த்த 4.7 கே, 10 கே-ய அப்படியே இங்க கொண்டு வந்து போட்டா 10 கே-ல 0.26 மில்லி ஆம்ப் தான் வரும், அத வச்சு 71 மில்லி ஆம்ப் ஓட கெயின் 270-க்கு மேல வேணும், சி ரகம்னா தப்பிக்கலாம், பி ரகத்துக்கே சந்தேகம் தான். சிக்னல டி1 அல்லது டி2-ன்னு போட்டிருக்க பின்ல இருந்து எடுங்க, ஜிபிஐஓ (சிப்போட பின் நம்பர்) 0, 2, 15 மூணும் பூட் ஆகும்போது இந்த நிலைல தான் இருக்கணும்னு கட்டுப்பாடு உள்ளது, அங்க பேஸ் ரெசிஸ்டர தொங்க விட்டா போர்டு பூட்டே ஆகாம போகலாம்.

பிசி 547-க்கு உச்சவரம்பு 100 மில்லி ஆம்ப், அதனால 71-க்கே நான் பிசி 337 தான் போடுவேன், அது 800 வரைக்கும் தாங்கும், விலையும் பெரிய வித்தியாசம் இல்ல.

ரெசிஸ்டர ரொம்ப சின்னதா போட்டா என்ன ஆகும்னும் கேப்பீங்க. பேஸ் எமிட்டர் ஒரு டயோடு மாதிரி தான், ரெசிஸ்டரே இல்லாம பின்ன நேரா பேஸுல கொடுத்தா அந்த டயோடு பின்ன 0.8 வோல்ட்டுக்கு கீழ பிடிச்சு இழுத்துடும், பின் தன்னால முடிஞ்ச அளவு கரண்ட்ட கொட்டும், ரெண்டுல ஒண்ணு போகும். 100 ஓம்ஸ் போட்டா 5 வோல்ட் பின்ல 42 மில்லி ஆம்ப், ஆர்டுயினோல இருக்க அட்மெகா 328-ஓட பின் உச்சவரம்பு 40. ரிலேக்கு தேவைக்கு மேல பேஸ் கரண்ட் குடுத்தாலும் ஆஃப் ஆக சில மைக்ரோ செகண்ட் லேட் ஆகும், ரிலேயே ஆஃப் ஆக மில்லி செகண்ட் எடுக்கும், அதனால தெரியாது, பிடபிள்யுஎம் (வேகமா ஆன் ஆஃப் பண்றது) போட்டு எல்இடி ஸ்ட்ரிப் மங்க வைக்கறவங்களுக்கு தான் அது சூடா வந்து தெரியும்.

3 ஆம்ப் இழுக்கற 12 வோல்ட் பம்ப் மாதிரி லோடுக்கு இந்தக் கணக்க போட்டுப் பார்த்தாலே விடை வந்துடும், 10-க்கு ஒண்ணுன்னா பேஸுக்கு 300 மில்லி ஆம்ப் வேணும், எந்த பின்னும் குடுக்காது. டிஐபி 122 டார்லிங்டன் (உள்ள ரெண்டு ட்ரான்சிஸ்டர் கோத்தது) போட்டா பேஸுக்கு 12 மில்லி ஆம்ப் போதும், ஆனா 3 ஆம்ப்ல 2 வோல்ட் வரைக்கும் அதுவே தின்னும், 6 வாட் சூடு, ஹீட்சிங்க் இல்லாம முடியாது. அங்க லாஜிக் லெவல் மாஸ்ஃபெட் (கேட்டுக்கு குடுக்கற பின் வோல்டேஜ்லயே திறக்கிற ட்ரான்சிஸ்டர்) தான் சரி, 5 வோல்ட் பின்னுக்கு ஐஆர்எல்இசட் 44என் மாதிரி, ஐஆர்எஃப் 540 கேட்டுக்கு 10 வோல்ட் கேக்கும், அது ஆகாது. நாலஞ்சு ரிலேன்னா யுஎல்என் 2003 (நிறைய ரிலேய ஓட்டற ஐசி) ஒண்ணு போடுங்க, உள்ளயே ஒவ்வொரு இன்புட்டுக்கும் 2.7 கே ரெசிஸ்டரும், காயிலுக்கான டயோடும் இருக்கு, காமன் பின்ன மட்டும் மறக்காம ரிலே சப்ளைல கொடுத்துடணும்.

போர்ட பெட்டிக்குள்ள திரும்ப மாட்டறதுக்கு முன்னாடி அந்த 1என்4007 டயோடையும் ஒரு கால தூக்கி மீட்டர்ல செக் பண்ணினேன், ஒரு பக்கம் 0.58, மறுபக்கம் ஓபன், நல்லா இருக்கு. அந்த டயோடு ஓபனாயிருந்தா ரிலே ஆஃப் ஆகும்போது காயில்ல இருந்து வர்ற வோல்டேஜ் பிசி 547-ஓட 45 வோல்ட் வரம்ப ஒவ்வொரு தடவையும் தாண்டும், புது ட்ரான்சிஸ்டர் போட்டு சில நாள்ல போச்சுன்னு சொல்றவங்க முதல்ல பார்க்க வேண்டியது இதத்தான். வார்னிஷ் ஒரு கோட் அடிச்சு, ரெசிஸ்டர் பக்கத்துல மார்க்கர்ல "2.2 கே, எந்த 547-ம் போடலாம்"னு எழுதி வச்சிருக்கேன், அடுத்து யாரு திறந்தாலும் எழுத்து தேட வேண்டாம்.